அப்பப்பாவின் துவக்கும் பிஸ்கற் ரின் ரவைகளும்

வாசகர் கேள்வி:

"ஐயா, நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். அப்பப்பா அந்தக் காலத்தில் விதானையாராக இருந்தவர். லைசென்சோடு ஒரு துவக்கு வைத்திருந்தார். அவர் மரை, பன்றி அடித்த கதைகளை ஊரில் இன்னும் சொல்வார்கள். 2008 கடைசியில் நாங்கள் வெளிக்கிட்டபோது அப்பா அந்தத் துவக்குக்குக் கிறீஸ் பூசி, பொலித்தீனில் சுற்றிக் காணிக்குள் தாட்டுவிட்டார். அப்பா இப்போது இல்லை. மதிலுக்கு அத்திவாரம் வெட்டும்போது அது வெளியே வந்தது.

ஒற்றைக் குழல். மேலே இழுத்து அடைக்கும் போல்ற் இல்லை. விசைக்குப் பின்னால், பிடங்கின் (தோளில் அணைக்கும் மரப்பகுதி) கழுத்துக்குக் கீழே நீளமான இரும்பு லீவர் ஒன்று இருக்கிறது. கறல் பிடித்து அசையவில்லை. வலப்பக்கத்தில் ஒரு முடி, அதன் கீழ் வி.ஆர்., என்ஃபீல்ட், 1882, ரோமன் மூன்று, பிறகு 1. இடப்பக்கத்தைக் கறல் தின்றுவிட்டது. 'எம்' மாதிரி ஓர் எழுத்தும் கடைசியில் 03 என்பதும்தான் தெரிகிறது. குழல் வாயில் பள்ளிக்கூட ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், ஏறத்தாழ 8 மில்லிமீற்றர்.

அதே கிடங்குக்குள் ஒரு பிஸ்கற் ரின்னும் இருந்தது. அப்பா வைத்ததா, பிறகு வேறு யாரும் போட்டதா, தெரியாது. உள்ளே இரண்டு வகை ரவைகள். சில பித்தளை, அடியில் கே, எஃப், நடுவில் அம்புக்குறி, 43, ரோமன் ஏழு. மற்றவை பூச்சுப் பூசிய இரும்பு. அடியில் எழுத்தே இல்லை, மேலும் கீழும் இலக்கங்கள் மட்டும். இரண்டுக்கும் அடியில் விளிம்பு உண்டு, நீளமும் கிட்டத்தட்ட ஒன்று. எல்லாம் திரீ நொட் திரீ (.303) ரவைதான், எண்ணெய் விட்டு லீவரை இளக்கி ஒன்றைப் போட்டுப் பார்ப்போம் என்கிறார் மச்சான். பன்றி வயலை உழுது போட்டுவிட்டது. இது என்ன துவக்கு? எந்த ரவை இதற்குரியது? நாங்கள் வைத்திருக்கலாமா?"

பதில்:

தம்பி, மிச்சத்தை வாசிக்க முன்னர் மச்சானிடம் போய் ஒன்றைச் சொல்லிவிட்டு வாருங்கள். அந்தத் துவக்குக்குள் எதையும் போடக்கூடாது. லீவருக்கு எண்ணெய் விடவோ தட்டி இளக்கவோ கூடாது. இத்தனை வருடம் மண்ணுக்குள் கிடந்த துவக்கு வெறுமையாகத்தான் இருக்கிறது என்பதற்கு உங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. அப்பா அவசரத்தில் தாட்டவர். உள்ளே ஒரு ரவையோடேயே தாட்டிருக்கலாம். ஸ்கேல் வைக்கக் குழல் வாயடிக்குப் போனீர்களே, அதை நினைக்கத்தான் எனக்குப் பதறுகிறது. இனி அந்த வாய்க்கு முன்னால் நீங்களும் நிற்கவேண்டாம், பிள்ளைகளையும் விடவேண்டாம்.

நீங்கள் கேட்ட ஒழுங்கிலேயே வருகிறேன், முதலில் இது என்ன துவக்கு என்று பார்ப்போம். நீங்கள் குறித்து அனுப்பிய அடையாளங்கள் மிக நல்லவை. பலர் "பழைய வெள்ளைக்காரத் துவக்கு" என்று மட்டும் எழுதிவிட்டு ரவையின் பெயர் கேட்பார்கள்.

லீவரைக் கீழே இழுத்தால் உள்ளே இருக்கும் அடைப்புக்கட்டை முன்பக்கம் தாழும். ரவையைக் கையால் உள்ளே தள்ளி லீவரை மேலே கொண்டுவந்தால் கட்டை எழும்பிக் குழலின் பின்வாயை அடைக்கும். வெளியே தெரியும் குதிரை (ஊசியை அடிக்கும் சுத்தியல்) கிடையாது, உள்ளே ஊசியும் சுருள்வில்லும் இருக்கும். லீவர் இயங்கும்போதே ஊசி பின்னுக்குப் போய்ச் சுடத் தயாராகிவிடும். இந்த அமைப்புக்கு மார்ட்டினி என்று பெயர். பிரித்தானியப் படை 1871இல் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி ஹென்றி இந்தக் குடும்பத்தின் மூத்தது. அடைப்பு அமைப்பு சுவிற்சர்லாந்தில் இருந்த மார்ட்டினியுடையது, குழலின் உள்வரி, அதாவது சன்னத்தைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டும் வரி, எடின்பரோவின் அலெக்சாண்டர் ஹென்றியுடையது. முடியும் வி.ஆரும் விக்டோரியா மகாராணியின் அடையாளம். என்ஃபீல்ட் என்பது இலண்டனுக்கு வடக்கே இருந்த அரச ஆயுதத் தொழிற்சாலை. 1882 செய்த ஆண்டு. ரோமன் மூன்று என்றால் மூன்றாம் மாதிரி, அது 1879இல் வந்தது. கடைசியில் உள்ள 1 தரத்தைக் குறிக்கும்.

ஆகவே இந்தத் துவக்கு பிறந்தபோது அதற்குரிய ரவை 577/450. இன்றைக்குப் பெரும்பாலானோர் அதைக் கண்டிருக்கவே மாட்டார்கள். தடித்த பித்தளைக் கோது, அடியில் ஏறத்தாழ 17 மில்லிமீற்றர், வாயடியில் ஒடுங்கும். உள்ளே 85 கிரெய்ன் (மருந்தையும் சன்னத்தையும் நிறுக்கும் சிறு அலகு) கறுப்பு வெடிமருந்து, முன்னால் 480 கிரெய்ன் ஈயச் சன்னம். குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 11.4 மில்லிமீற்றர்.

ஆனால் உங்கள் ஸ்கேல் 8 என்கிறது. பள்ளிக்கூட ஸ்கேலில் அரை மில்லிமீற்றர் முன்பின் வரும், கறல் தின்ற வாய் சற்று விரிந்துமிருக்கும். எப்படிப் பார்த்தாலும் 8ஐயும் 11.4ஐயும் யாரும் மாறிப் பார்க்கமாட்டார்கள். அப்படியென்றால் இப்போது அதில் இருக்கும் குழல் 1882இன் குழல் அல்ல. இடப்பக்கத்தில் நீங்கள் கண்ட 'எம்'மும் 03உம் அதற்குத்தான் விடை சொல்கின்றன.

1888இல் பிரித்தானியப் படை திரீ நொட் திரீ ரவைக்கு மாறியது. கையில் இலட்சக்கணக்கில் மார்ட்டினிகள் இருந்தன. அவற்றை எறியாமல் பழைய தடித்த குழலைக் கழற்றி, புதிய ஒடுங்கிய குழலையும் சுட்ட கோதை வெளியே இழுக்கும், அதற்கேற்ற பிரித்தெடுப்பானையும் பூட்டினார்கள். 1889 முதல் பூட்டியவை மார்ட்டினி மெற்ஃபோர்ட். 1895 முதல் பூட்டியவை மார்ட்டினி என்ஃபீல்ட். மாற்றியபோது பழைய அடையாளத்தை அழிக்கவில்லை. அதை ஒரு பக்கத்தில் அப்படியே விட்டுவிட்டு, மறுபக்கத்தில் புதிய ஆண்டையும் எம்.இ. 303 அல்லது எம்.எம். 303 என்ற குறியையும் அடித்தார்கள். மார்ட்டினி என்ஃபீல்டின் முதல் மாதிரி மூன்றாம் மாதிரி மார்ட்டினி ஹென்றிகளை மாற்றிச் செய்ததுதான். உங்களிடம் இருப்பதும் மூன்றாம் மாதிரியே. பெரும்பாலும் இது மார்ட்டினி என்ஃபீல்ட் என்றே நினைக்கிறேன்.

படைத் துவக்கு விதானையார் கைக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சேவையிலிருந்து கழித்த ஆயுதங்களைத் தனியாருக்கு விற்றார்கள். அப்படி விற்றதன் மேல் இரண்டு அம்புக்குறிகள் முனைக்கு முனை முட்டுவதுபோல ஓர் அடையாளம் இருக்கும். ஓர் அம்பு மட்டும் என்றால் அரசாங்க உடைமை, இரண்டு முட்டினால் விற்றுக் கழித்தது. இலங்கையின் தொண்டர் படை 1881இலேயே தொடங்கிவிட்டது. பிடங்கின் அடித்தகட்டின் மேல்நுனியில் படைப்பிரிவின் சுருக்கக் குறியும் ஆயுத இலக்கமும் இருந்தால், அப்பப்பாவுக்கு முன்னர் அது யார் தோளில் இருந்தது என்பதும் தெரியவரும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "பெரும்பாலும்" என்று நான் எழுதினேன். ரவை விடயத்தில் "பெரும்பாலும்" போதாது.

துவக்கின் பக்கத்தில் அடித்திருக்கும் எழுத்து அது தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் சாட்சி. அதற்குப் பிறகு நூற்று நாற்பது வருடம் போயிருக்கிறது. குழல் மாறியிருக்கலாம், அறை (குழலின் அடியில் ரவை அமரும் இடம்) மாறியிருக்கலாம், குழலின் உள்வரியை இழைத்து வழுவழுப்பாக்கிச் சொட்கன் (சிறு குண்டுகளைச் சிதறச் சுடும் துவக்கு) ஆக்கியிருக்கலாம். பழைய மார்ட்டினிகளை 12 போர், 20 போர் என்ற அளவுகளில் சொட்கன்களாக மாற்றி விற்பது பல நாடுகளில் ஒரு தொழிலாகவே நடந்தது. இந்தியாவின் இசாப்பூர் தொழிற்சாலை லீ என்ஃபீல்ட் துவக்குகளையே வழுவழுப்பான குழல் கொண்ட ஒற்றை வெடி 410 மஸ்கெற்றுகளாக மாற்றியது. வெளித்தோற்றத்தில் அது திரீ நொட் திரீதான். என் மேசைக்கு வந்த ஒரு மார்ட்டினியின் பக்கத்தில் முடியும் ஆண்டும் எழுத்துத் தேயாமல் இருந்தன. உரிமையாளர் அதைப் பார்த்தே ரவை தேடியலைந்தார். விளக்கை வைத்துக் குழலுக்குள் பார்த்தால் ஒரு வரிகூட இல்லை. வாயிலிருந்து அடி வரைக்கும் கண்ணாடிபோல இருந்தது. அது எப்போதோ சொட்கன் ஆகிவிட்டது. வெளியே அடித்த எழுத்து அதை அறியவில்லை.

பக்கத்தில் கிடைத்த ரவையும் சாட்சி ஆகாது. துவக்கோடு ஒரே பெட்டியில் இருந்தது, ஒரே கிடங்கில் இருந்தது என்பதற்காக அது அந்தத் துவக்கின் ரவை ஆகிவிடாது. வன்னியில் இதை இரண்டு மடங்கு அழுத்திச் சொல்லவேண்டும். எங்கள் மண்ணுக்குள் எத்தனை நாட்டு ரவை கிடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

உங்கள் ரின்னை எடுத்துக்கொள்வோம். பித்தளை ரவையில் கே, எஃப், நடுவில் அம்பு என்றால் அது பூனாவுக்குப் பக்கத்தில் உள்ள கிர்க்கித் தொழிற்சாலையில் செய்தது. 43 என்பது 1943, இரண்டாம் உலக யுத்த காலம். ரோமன் ஏழு என்பது திரீ நொட் திரீயின் ஏழாம் மாதிரி: 174 கிரெய்ன் கூர்ச்சன்னம், 1910இல் வந்தது. அளவால் இது உண்மையான திரீ நொட் திரீ.

இரும்புக் கோதில் உள்ளவை அப்படி அல்ல. எழுத்தில்லாமல் தொழிற்சாலை இலக்கமும் ஆண்டும் மட்டும் அடிப்பது சோவியத், சீன வழக்கம். விளிம்பும் அந்த நீளமும் சேர்ந்து வந்தால் அது 7.62க்கு 54 விளிம்பு ரவையாகத்தான் இருக்கவேண்டும். பி.கே. இயந்திரத் துவக்கின் ரவை அது, யுத்த காலத்தில் வன்னி முழுக்க இருந்தது. மச்சானின் கண் ஏமாந்தது இங்கேதான். திரீ நொட் திரீயின் கோது 56 மில்லிமீற்றர், இது 54. இரண்டுக்கும் விளிம்பு உண்டு. சன்னத்தின் தடிப்பும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் கோதின் அடியைப் பாருங்கள். திரீ நொட் திரீயின் உடல் விளிம்புக்குச் சற்று மேலே ஏறத்தாழ 11.7 மில்லிமீற்றர், விளிம்பு 13.7. மற்றதன் உடல் ஏறத்தாழ 12.4, விளிம்பு 14.4.

இந்த முக்கால் மில்லிமீற்றர் என்ன செய்யும்? மார்ட்டினி என்ஃபீல்டின் அறைக்குள் அந்த இரும்பு ரவை முழுதாகப் போகாது. பாதியில் இறுகி நிற்கும், அடைப்புக்கட்டை எழும்பாது. அப்போது மனிதர் செய்வது என்ன? பெருவிரலால் அமத்திப் பார்ப்பார்கள், போகாவிட்டால் ஏதாவது ஒன்றால் தட்டுவார்கள். அவர்கள் தட்டும் இடம் ரவையின் கேப், அதாவது அடிபட்டால் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி. பின்வாய் திறந்திருக்க ரவை வெடித்தால் கோது கிழிந்து பின்னால், தட்டிய ஆளின் முகத்துக்குத்தான் வரும்.

இனி அந்தக் குழல் மாறாமல் பழைய 577/450 அறையோடேயே இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையின் வாய் 17 மில்லிமீற்றர். திரீ நொட் திரீயும் இரும்பு ரவையும் இரண்டுமே தடையில்லாமல் உள்ளே வழுகிப் போய்விடும். "போகுது, அப்ப சரிதானே" என்று சொல்லக்கூடிய நிலை அதுதான். விளிம்பு தங்க இடமில்லை, கோதைத் தாங்கச் சுவரில்லை. ரவை உள்ளே போவதும் ரவை பொருந்துவதும் வேறுவேறு. துவக்குத் திருத்துகிற எவரும் "போட்டுப் பார்த்து" ரவை கண்டுபிடிப்பதில்லை.

சரி, பித்தளை ரவை அளவால் சரியானதுதானே என்றால், அதையும் தொடவேண்டாம். அந்தக் காலத்துப் பிரித்தானிய, இந்திய ரவைகளுக்குள் இருப்பது கோர்டைற். கோதைத் திறந்தால் தூள் வராது. இடியப்பத்தை நிமிர்த்திக் கட்டியதுபோல நீள நீள இழைகளாக வரும். எண்பது வருடத்தில், அதுவும் ஈரமண்ணுக்குள், அந்த மருந்தும் கேப்பும் எப்படிக் கெட்டிருக்கும் என்பதை வெளியிலிருந்து எவராலும் சொல்லமுடியாது. சிலது வெடிக்காது. சிலது ஊசி அடித்து ஒரு கணம் பிந்தி வெடிக்கும். வெடிக்கவில்லை என்று நினைத்து லீவரைத் திறக்கிறவர் கைக்குள்ளேயே அது போகும். பழைய பித்தளையின் கழுத்தில் மயிரளவு வெடிப்புகள் ஓடியிருக்கும், அதனூடே நெருப்புப் பின்னால் வரும். ரின்னுக்குள் கிடப்பதை யாரும் ரவை என்று எண்ணவேண்டாம். அவை வெடிபொருள்.

"அப்படியென்றால் சரியான ரவை எது" என்ற உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சொல்கிறேன். குழல் மார்ட்டினி என்ஃபீல்டின் குழல்தான் என்று உறுதியானால், அதற்குரியது திரீ நொட் திரீ பிரிற்றிஷ். அந்தத் துவக்கு வெளிவந்த காலத்தில் அதற்கு இருந்தது 215 கிரெய்ன் உருண்டை முனைச் சன்னம். ஏழாம் மாதிரி பிறகு வந்தது, அதன் வேகமும் அமுக்கமும் அதைவிடக் கூட. மெற்ஃபோர்ட் குழல் என்றால் இன்னும் கவனம் தேவை. அது கறுப்பு மருந்துக்கு என்று வெட்டிய ஏழு ஆழமற்ற வரிகள் கொண்டது. கோர்டைற்றின் சூடு அந்த வரிகளை விரைவாகத் தின்றுவிடும் என்பதால்தான் என்ஃபீல்டின் ஐந்து ஆழவரிக்கே மாறினார்கள். ஆனால் இதெல்லாம் நல்ல நிலையில் உள்ள துவக்குக்கான பேச்சு. கிடங்கிலிருந்து வந்த துவக்குக்குச் சரியான ரவை என்று ஒன்று இப்போதைக்கு இல்லை.

உறுதிப்படுத்துவது எப்படி என்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். யாராவது உங்களிடம் கண்ணால் பார்த்தே தீர்ப்புச் சொன்னால் நம்பாமலிருக்க அது உதவும். துவக்கு வெறுமை என்று உறுதியான பிறகு, அறைக்குள் தாழ்ந்த சூட்டில் உருகும் ஓர் உலோகக் கலவையை ஊற்றுவார்கள். செரோசேஃப் என்று பெயர், 70 முதல் 88 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும். அது உறைந்து, ஒரு மணித்தியாலம் கழித்து அளந்தால் அறையின் உள்ளளவு அப்படியே கிடைக்கும். குழலுக்குள் மென்மையான ஈயத்துண்டு ஒன்றைத் தள்ளி எடுத்து வரிகளின் ஆழத்தை அளப்பார்கள். பிறகு அடைப்புக்கட்டைக்கும் ரவையின் அடிக்கும் இடையே எவ்வளவு தளர்வு என்று அளவுக்கட்டை வைத்துப் பார்ப்பார்கள். திரீ நொட் திரீயில் விளிம்புக்கு ஒதுக்கிய இடம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 64 பங்கிலிருந்து 74 பங்குக்குள் இருக்கவேண்டும். அதற்கு மேல் போனால் கோது பின்னால் இழுபட்டுக் கிழியும். குழலுக்குள் கறல் குழிகள், ஊசியின் முனை, சுருள்வில், கட்டையைத் தாங்கும் ஆணி எல்லாம் பார்த்த பிறகுதான் ஒரு ரவையின் பெயர் வாயில் வரவேண்டும். நேர்மையாகச் சொன்னால், இவ்வளவு காலம் மண்ணில் இருந்த குழல் அந்தச் சோதனையில் தேறுவது அரிது.

இனி மூன்றாவது கேள்வி, வைத்திருக்கலாமா. இல்லை, இப்போதுள்ளபடி முடியாது. இலங்கையில் துவக்கு விடயம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகருவிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. 1996இல் அதைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். உரிமம் ஆளுக்குரியது, துவக்குக்குரியது அல்ல. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31உடன் முடிந்து மீண்டும் புதுப்பிக்கவேண்டியது. அப்பப்பாவின் லைசென்ஸ் அப்பப்பாவோடு போய்விட்டது. அதைக் காட்டி நீங்கள் வைத்திருக்கமுடியாது. "பழையது, சுடாது, நினைவுக்காக" என்பதும் உரிமத்துக்குப் பதிலாகாது. அந்த இரும்பு ரவைகள் வீட்டில் இருப்பது துவக்கைவிடப் பெரிய சிக்கல். அது இயந்திரத் துவக்கின் ரவை என்பதை மறக்கவேண்டாம். எங்கள் பக்கத்தில் அதற்கு யாரும் சாதாரண விளக்கம் எதிர்பார்க்கமாட்டார்கள்.

பயப்படத் தேவையில்லை, ஆனால் நாள் கடத்தவும் கூடாது. கண்டெடுத்ததும் தாமாகவே சொன்னவருக்கும், சோதனையில் பிடிபட்டவருக்கும் நிலைமை மிக வேறு. அவ்வப்போது அரசாங்கம் பொதுமன்னிப்புக் காலம் அறிவிப்பதுண்டு, அதைக் காத்திருக்கவேண்டாம். இன்றைக்கே ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள், கிராம அலுவலருக்கும் தெரியப்படுத்துங்கள். பிறகு பொலிஸுக்கு அறிவித்து, அவர்களை இடத்துக்கு வரச்சொல்லுங்கள். துவக்கையோ ரின்னையோ மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு நீங்களே பொலிஸுக்குப் போகவேண்டாம். வழியில் மறித்தால் நீங்கள் ஒப்படைக்கப் போகிறீர்கள் என்பதற்கு உங்கள் வாய்ச்சொல் மட்டும்தான் இருக்கும். துவக்கு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். குழல் வாய் ஆளில்லாத பக்கம் பார்த்திருந்தால் திருப்பவும் வேண்டாம். ரின்னை மூடி நிழலில் விட்டு, அவை இருக்கும் வீட்டு அறையைப் பூட்டிவிடுங்கள்.

அந்த அத்திவாரக் கிடங்கையும் மேலே வெட்டவேண்டாம். ஒரு ரின் யார் வைத்தது என்று தெரியாமல் வந்த இடத்தில் வேறு என்ன இருக்கும் என்பது தெரியாது. பொலிஸிடம் சொல்லும்போதே அதையும் சொல்லுங்கள். ஹலோ டிறஸ்ற், டாஷ், மாக் போன்ற கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் எங்கள் பக்கத்தில் வேலை செய்தவை. உங்கள் பகுதியில் யார் என்பது பிரதேச செயலகத்துக்குத் தெரியும். மேசன்மாருக்கு ஒரு கிழமை சம்பளம் போனாலும் பரவாயில்லை.

ஒப்படைக்க முன்னர் இரண்டு வேலை செய்யுங்கள். துவக்கைத் தொடாமல், நல்ல வெளிச்சத்தில், பக்கங்களிலிருந்து படம் எடுத்துவையுங்கள். அடையாளங்களைக் கிட்டத்தில், பிடங்கின் அடித்தகட்டைக் கிட்டத்தில் எடுங்கள். அரத்தாளோ கம்பித் தூரிகையோ போட்டுக் கறல் எடுக்க நினைக்கவேண்டாம். இடப்பக்கத்தில் மிஞ்சியிருக்கும் அந்த 'எம்'மும் 03உம் கறலோடு சேர்ந்து போய்விடும். அவைதான் இந்தத் துவக்கின் பிறப்புச் சான்றிதழில் மிஞ்சிய வரி. இரண்டாவது, பொலிஸ் எடுத்துச் செல்லும்போது துவக்கின் விவரமும் இலக்கமும் எழுதிய பற்றுச்சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் துவக்கைச் சோதித்து அறிக்கை கொடுக்கும். அறையும் குழலும் உண்மையில் என்ன என்பது அங்கேதான் முறையாகத் தெரியவரும்.

அப்பப்பாவின் பழைய லைசென்ஸ் துண்டு வீட்டுப் பெட்டியில் எங்காவது இருந்தால் தேடி எடுங்கள். அது உங்களுக்கு உரிமை தராது, ஆனால் இந்தத் துவக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் இல்லை. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். அதற்கு முன்னர் உங்கள் பக்கத்து லைசென்ஸ் என்றால் வவுனியாக் கச்சேரியின் முத்திரை இருக்கலாம். முல்லைத்தீவில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று விடவேண்டாம். பேரில் தடுமாற்றம் இருந்தாலும் துவக்கின் இலக்கம் பொருந்தினால் போதும்.

உரிமத்தை உங்கள் பெயருக்கு எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வாரிசு என்ற முறையில் விண்ணப்பித்துப் பார்க்கலாம். அதற்கு மாவட்டச் செயலகம், பாதுகாப்பு அமைச்சு என்று படியேற வேண்டிவரும். ஆனால் பயிர்ப் பாதுகாப்புக்கென்று கொடுப்பது பெரும்பாலும் 12 போர் சொட்கன்தான், ரைஃபிளுக்கு அனுமதி கிடைப்பது மிகக் கடினம். அதைவிட, சுடமுடியாதபடி முறையாகச் செயலிழக்கச் செய்து தரக் கேட்க வழியுண்டா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். நீதிமன்றமும் அமைச்சும் எழுத்தில் அனுமதித்தால் மட்டும்தான் அது நடக்கும். நீங்களாகவே குழலுக்குள் ஈயத்தை ஊற்றிவிட்டு "செயலிழக்கச் செய்துவிட்டோம்" என்றால் அது செல்லாது. அப்படி ஊற்றும்போது உள்ளே ரவை இருந்தால் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

பன்றிக்கு வருகிறேன், ஏனென்றால் மச்சானின் கோபம் நியாயமானது. ஒரு இரவில் அரை ஏக்கர் நெல்லைக் கிளறிப் போட்டுவிட்டுப் போனால் யாருக்கும் கை துடிக்கும். ஆனால் அந்தக் கோபத்தில் இந்தத் துவக்கை எடுத்தாலும், அது கிடைக்காமல் கட்டுத்துவக்கு (கம்பியில் தட்டுப்பட்டால் தானாக வெடிக்கும் பொறி) கட்டினாலும், முதலில் விழப்போவது பன்றியாக இருக்கவேண்டும் என்றில்லை. கட்டுத்துவக்கில் கால் போனவர்களை உங்கள் ஊரிலேயே காட்டுவார்கள். விறகு பொறுக்கப் போனவரும் தேன் எடுக்கப் போனவரும்தான் அதில் மாட்டியவர்கள். காட்டுக்குள் போய் மரை, மான் அடிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே விடச்சொல்லுங்கள். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவற்றைக் காக்கிறது. அப்பப்பாவின் காலம் வேறு.

மச்சானின் பெயரில் வயல் உறுதியோ பேர்மிற்றோ இருந்தால், கமநல சேவை நிலையத்தில் பயிர்ச்சேதத்தைப் பதிந்து கடிதம் எடுக்கச் சொல்லுங்கள். அதோடு கிராம அலுவலரின் சிபாரிசையும் சேர்த்து, 12 போர் துவக்குக்கு மாவட்டச் செயலகத்தில் தனியாக விண்ணப்பிக்கட்டும். இந்தத் துவக்கின் விடயத்தை அந்த விண்ணப்பத்தோடு கலக்கவேண்டாம். இது முதலில் ஒப்படைபட்டு, பற்றுச்சீட்டு கையில் வந்த பிறகே அது போகட்டும். உரிமம் கிடைத்தால் தோட்டாவும் உரிமப் புத்தகத்தைக் காட்டித்தான் வாங்கவேண்டும். கடையில் வாங்குமுன் துவக்கின் குழலடியில் அறை நீளம் இரண்டரை அங்குலம் என்று அடித்திருக்கிறதா, இரண்டே முக்கால் என்றா என்று பார்த்து, அதே நீளத் தோட்டாவையே கேட்கச் சொல்லுங்கள். நீளத் தோட்டா குறுகிய அறைக்குள்ளும் போகும், வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் குழலை ஊதிவிடும்.

பொலிஸார் வந்துபோன பிறகு, நீங்கள் எடுத்த படங்களை அனுப்பிவையுங்கள். அடித்தகட்டின் எழுத்தும் குழலின் மேல் உள்ள சிறு முத்திரைகளும் தெளிவாக இருந்தால், அந்தத் துவக்கு எந்த ஆண்டில் குழல் மாறியது, எந்தப் படையில் இருந்தது என்பதை எழுதித் தரலாம். அதை உங்கள் பிள்ளைகளுக்காக வைத்துக்கொள்ள எந்த லைசென்சும் தேவையில்லை.